காலையில் உண்டு, மதியம் இல்லை

முரண்பாடு என்ற ஒன்றை அந்த மருத்துவமனை மூன்று வருடங்களாக வாசலோடு நிறுத்தி வைத்திருந்தது. நுழைந்ததும் கண்ணில் படும் கண்ணாடி அலமாரியில் மூன்று கேடயங்கள் வரிசையாக நின்றன. மூன்றிலும் ஒரே வாசகம்: 'முரண்பாடற்ற மருத்துவமனை'. நான்காவதற்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த வெற்றிடத்தையும் ஓர் ஊழியர் தினமும் துடைத்தார்.

கேடயம் வாங்குவதற்கான விதி எளிமையானது. எந்த நோயாளியின் கோப்பிலும் ஒன்றோடொன்று மோதும் இரண்டு தகவல்கள் இருக்கக் கூடாது. ஒருவருக்கு இரண்டு உயரம் பதிவாகியிருந்தால் உயரமானதை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுவார்கள். இரண்டு வயது இருந்தால் இளையதை. பிறகு கோப்புக்கு உரியவர் 'என்னிடம் முரண்பாடு எதுவும் இல்லை' என்று கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தக் கோப்பையும் மூட முடியாது. இதுவரை யாரும் போட மறுத்ததில்லை. உயரத்துக்காக யார் சண்டை போடுவார்கள்?

அப்படிப்பட்ட இடத்தில்தான் கலரக்கா, எட்டு மாத வயிற்றோடு போய், இரண்டு முடிவுகளை வாங்கிக்கொண்டு நின்றாள்.

பெயிண்ட் கடையில் பதினோரு வருடமாக நிறம் கலக்குபவள் அவள். கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர்தான் கலரக்கா. முதலாளிக்கு அவளுடைய சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் ஞாபகம் வரும். போன வருடம் கடையில் இரண்டு டப்பாக்களுக்கு மூடி மாறிப்போனது. இளநீலம் கேட்டவர் வீட்டுச் சுவர் சாம்பல் நிறமாகி, அவர் கடை வாசலில் வந்து குதித்தார். கலரக்கா அவரிடம் மன்னிப்புக் கேட்ட கையோடு ஆட்டோ பிடித்து ஊரின் மறுகோடிக்கு ஓடினாள். சாம்பல் கேட்ட இன்னொருவர் வீட்டில் அப்போது இரண்டாவது சுவரும் இளநீலமாகிக்கொண்டிருந்தது. "அவர் ஒண்ணும் புகார் பண்ணலையே, நீ ஏன் போனே?" என்று முதலாளி கேட்டதற்கு, "அவருக்கு இன்னும் தெரியாதே, அதான் போனேன்" என்றாள்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கிய கரு. கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவன், அவளை மட்டும் மாடிப்படி ஏறவே விடமாட்டான்.

முதல் இரத்தப் பரிசோதனை நாளில் ஒன்றும் விசேஷமாக நடக்கவில்லை. கர்ப்பிணிகள் வரிசையில் அவளுடைய டோக்கன் நாற்பத்தேழு. மருத்துவமனையின் 'முன்னொட்டுத் திட்டம்' அப்போது பெரிய பேச்சாக இருந்தது. மறுநாள் வரப்போகிறவர்களின் ஸ்டிக்கர்களை முதல் நாள் மாலையே டியூப்களில் ஒட்டி, டோக்கன் வரிசைப்படி தாங்கியில் அடுக்கிவிடுவார்கள். வருகிறவர் கையை நீட்ட வேண்டியதுதான். பெயர் கேட்கும் நேரம் மிச்சம். ஒருவருக்குப் பதினொரு நொடி மிச்சமாகிறது என்று சுவரில் ஒரு வரைபடமே இருந்தது.

நாற்பத்தெட்டாம் டோக்கன் ஒரு சின்னப் பெண். கம்பி ஒடிந்த பச்சைக் குடை ஒன்றை மடியில் வைத்திருந்தாள். அவளுக்கும் ஏறக்குறைய இதே மாதம்தான். கூட்டத்திலும் புழுக்கத்திலும் முகம் வெளுத்து, கலரக்காவின் தோள்மேல் சாய்ந்துவிட்டாள்.

"அக்கா, கண்ணை இருட்டிக்கிட்டு வருது."

"நீ முதல்ல போம்மா. நான் அடுத்து வரேன். எனக்கு என்ன, ரயிலா கிளம்பிடப் போகுது?"

அந்தப் பெண் முதலில் போய்க் கையை நீட்டினாள். அடுத்து கலரக்கா நீட்டினாள். தன் நல்ல காரியத்தை அவள் அன்று சாயங்காலமே மறந்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து ஆள் அனுப்பினார்கள். கீழ்த்தள ஆய்வகம் எச்.ஐ.வி. 'உண்டு' என்றது. உறுதிப்படுத்த மேல்தளத்தில் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். மேல்தள ஆய்வகம் 'இல்லை' என்றது.

முடிவு சொல்வதற்கான அறைக்கு வெளியே பெரிய பலகை: 'இரகசிய எச்.ஐ.வி. ஆலோசனை அறை'. இரகசியம் எங்கே இருக்கிறது என்று யாரும் தேடி அலையக் கூடாது என்பதற்காக, காத்திருக்கும் கூடத்திலிருந்து அதுவரை சிவப்பு அம்புக்குறிகள் வரைந்திருந்தார்கள். கலரக்கா அம்புகளைத் தொடர்ந்து நடந்தபோது கூடம் முழுவதும் அவளைத் தொடர்ந்து பார்த்தது.

உள்ளே இருந்த ஆலோசகர் கெட்டவர் இல்லை. அவரிடம் இரண்டு பேச்சுகள் இருந்தன. ஒன்று 'உண்டு' என்றால் பேச வேண்டியது, மற்றது 'இல்லை' என்றால் பேச வேண்டியது. இரண்டையும் பயிற்சியில் மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியிருந்தார். கோப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு நேர்மையான மனிதர் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தார். இரண்டையும் பேசினார்.

"மனசைத் தைரியமா வச்சுக்கோங்கம்மா. இது இப்போ கட்டுப்படுத்தக்கூடிய ஒண்ணுதான். வாழ்த்துகள், உங்களுக்கு ஒண்ணுமில்லை. மாத்திரையை ஒழுங்கா எடுத்தா குழந்தைக்கு வராமத் தடுக்கலாம். இனிமேலும் இப்படியே பாதுகாப்பா இருங்க. வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் உதவி பண்றேன். இதை எல்லாருக்கும் சந்தோஷமாச் சொல்லலாம்."

"சார்," என்றாள் கலரக்கா, "இருக்கா, இல்லையா?"

ஆலோசகர் மேஜைமேல் இருந்த காகிதக் கைக்குட்டையை அவள் பக்கம் தள்ளினார். முதல் பேச்சில் அந்த இடத்தில் கைக்குட்டை வரும்.

"இன்னொரு தடவை புதுசா எடுத்துப் பாத்துடலாமே சார்."

"பார்க்கலாம். ஆனா மறுபரிசோதனைப் படிவத்துல 'இறுதி முடிவு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பினாத்தான் ஊசி குத்துவாங்க."

"இறுதி முடிவு தெரியத்தானே சார் எடுக்கணும்?"

"அதான் சொல்றேன்," என்றார் அவர், இருவரும் ஒத்துப்போய்விட்டதில் நிம்மதியடைந்து.

கணவன் வீட்டுக்கு வந்து கையிலிருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவன் கை மட்டும் நின்றது. அவன் முகத்தில் ஒரு கேள்வி வந்தது. வந்ததை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். இந்த ஆறு வருடத்தில் இத்தனை நீளமான நொடி அவர்களுக்குள் வந்ததில்லை.

குழாயை மூடினான்.

"எனக்கும் எடுக்கச் சொல்லு. உனக்கு இருந்தா என்கிட்டேருந்துகூட வந்திருக்கலாம். நான் ஒண்ணும் ஸ்பெஷலா செஞ்சு வச்ச ஆளில்லை."

அவளுக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக வராதது.

"உங்களுக்கு எடுக்க மாட்டாங்களாம். எனக்கு முடிவானாத்தான் உங்க படிவமாம். வெளியில போய் எடுத்தா பிரசவ அட்டையே ரத்தாம். அந்த முடிவு கோப்புக்குள்ள வந்தா மூணாவது முரண்பாடு ஆயிடுமாம்."

"பயமா இருக்கா?"

"எதுக்குன்னு தெரிஞ்சா பயப்படலாம். உண்டுன்னா உண்டுன்னு சொல்லட்டுங்க. மாத்திரை போட்டா புள்ளையக் காப்பாத்தலாம். ஒரு நாள்கூட விடாமப் போடுவேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும். இப்படி நடுவுல நிறுத்தி வச்சா எப்படி? கடையில ரெண்டு பூச்சு ரெண்டு கலர் காட்டினா, புதுசா ஒண்ணு பூசி வெளிச்சத்துல வச்சுப் பாப்போம். அவ்வளவுதாங்க. ஒரு ஊசி. ஒரே ஒரு ஊசி."

"நாளைக்கு நானும் வரேன் கலரு."

மறுநாள் இருவரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். ஆய்வகம் என்பது ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு லிஃப்ட் இருந்தது. அது எட்டு மாதமாகக் கீழேயே நின்றது. அதனால் கீழ்த்தளப் பதிவேட்டில் 'லிஃப்ட் உள்ளது' என்றும் மேல்தளப் பதிவேட்டில் 'லிஃப்ட் இல்லை' என்றும் இருந்தது. இரண்டும் வெவ்வேறு பதிவேடு என்பதால் முரண்பாடு ஆகவில்லை.

கீழ்த்தள அதிகாரி காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு மணி வரை. அவர் கலரக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, மேல்தளத்தின் பரிசோதனைப் பெட்டி எத்தனை மட்டமானது என்று இருபது நிமிடம் விளக்கினார்.

"எங்க பெட்டி ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். நீங்க மேல்தளத்து மேல ஒரு புகார் எழுதிக் குடுங்க. 'இல்லை'ன்னு சொல்லி என்னை ஏமாத்திட்டாங்கன்னு."

"எனக்கு இல்லைன்னா சந்தோஷம்தானே சார்?"

"சந்தோஷம் வேற, தரம் வேறம்மா."

மேல்தள அதிகாரி மதியம் இரண்டு மணிக்கு மேல். கணவன் அவளைப் படிக்குப் படி நிறுத்தி மூச்சு வாங்க வைத்து மேலே கூட்டிப்போனான். அவரும் புகார் கேட்டார், கீழ்த்தளத்தின் மீது.

"உண்டுன்னு சொல்லி என் மனசைப் புண்படுத்திட்டாங்கன்னு ஒரு வரி போதும். நானே எழுதி வச்சிருக்கேன் பாருங்க."

"சார், ரெண்டு பேரும் சேர்ந்து மூணாவதா ஒண்ணு எடுத்துப் பாத்தா?" என்றான் கணவன்.

அதிகாரி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "மூணாவது எங்களுக்குச் சாதகமா வந்தா கீழ இருக்கறவர் வருத்தப்படுவார். அவருக்குச் சாதகமா வந்தா நான் வருத்தப்படுவேன். ஒரு மருத்துவமனைல மனித உறவுகள் முக்கியம் தம்பி."

விஷயம் முரண்பாடு நீக்கக் குழுவுக்குப் போனது. ஆய்வுக் குழு வந்து நான்காவது கேடயத்தை முடிவு செய்ய இன்னும் பதினேழு நாள்தான் இருந்தது. எட்டு உறுப்பினர்கள் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கலரக்காவுக்கு மேஜையின் கோடியில் ஒரு ஸ்டூல். வயிறு இடிக்காமல் உட்கார அவள் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டாள். அவள் திரும்பி உட்கார்ந்தது குறிப்பேட்டில் ஏறியது.

கண்காணிப்பாளர் எழுந்தார். பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"நண்பர்களே, இந்த அம்மாவின் இரத்தம் நமக்கு ஒரு சவால் விட்டிருக்கிறது. மூன்று வருடங்களில் பதினாறாயிரம் கோப்புகளை ஒத்திசைத்தவர்கள் நாம். போன வருடம் இறந்துவிட்டதாகப் பதிவான ஒருவர் உயிரோடு வந்தபோது, அவரைப் பேசிப் புரியவைத்து, புதுக் கோப்புப் போட்டுப் புதிதாகப் பிறந்தவராக அனுப்பிவைத்தோம். இந்த மருத்துவமனை உண்மைக்கு எதிரி அல்ல. ஆனால் உண்மை ஒன்றாக வர வேண்டும், இரண்டாக வரக் கூடாது."

கைதட்டல் அடங்கியதும் கலரக்கா கையைத் தூக்கினாள்.

"ஐயா, இன்னும் அஞ்சு வாரத்துல புள்ள பொறந்துடும். மாத்திரை தரணும்னா இப்பவே தரணுமாமே. புதுசா ஒரு ஊசி..."

"உங்கள் கவலை பதிவு செய்யப்படுகிறது," என்றார் கண்காணிப்பாளர். பதிவு செய்யப்பட்டது.

வாக்கெடுப்பு நடந்தது. அவளுக்கு 'உண்டு' என்று ஐந்து கைகள் உயர்ந்தன. 'இல்லை' என்று நான்கு. பல் மருத்துவர் மட்டும் இரண்டுக்குமே கை தூக்கி, முதலாவதை வாபஸ் வாங்கிக்கொண்டதால் நாலுக்கு நாலு ஆனது. தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று எட்டுப் பேர் கை தூக்கிச் சொல்வதைக் கலரக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் குழந்தை ஒரு உதை விட்டது. அதை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

புள்ளிவிவர அலுவலர்தான் வழி கண்டுபிடித்தார். இளைஞர், கண்ணாடி அணிந்தவர், முன்னுக்கு வரக்கூடியவர்.

"முரண்பாடுன்னா ஒரே நேரத்துல ரெண்டு தகவல் இருக்கறதுதானே சார்? நேரத்தைப் பிரிச்சுட்டா முரண்பாடு இல்லையே. கீழ்த்தளம் வேலை செய்யற காலை நேரத்துல உண்டு. மேல்தளம் வேலை செய்யற மதியம் ரெண்டு மணிக்கு மேல இல்லை. எந்த நொடியில கோப்பைத் திறந்தாலும் ஒரே ஒரு முடிவுதான் இருக்கும்."

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கண்காணிப்பாளரின் கண்கள் பனித்தன.

அன்றிலிருந்து கலரக்காவுக்கு இரண்டு அட்டைகள். சிவப்புக் கரை போட்டது காலைக்கு, பச்சைக் கரை போட்டது மதியத்துக்கு. காலையில் போனால் கூடத்தின் கோடியில் தனி பெஞ்சு. இரண்டு மணி அடித்ததும் ஊழியர் ஒருவர் வந்து சிவப்பை வாங்கிக்கொண்டு பச்சையைக் கொடுத்து, "வாங்கம்மா, இப்போ எல்லாரோடயும் உட்காரலாம்" என்று அன்போடு கூப்பிடுவார். மருந்தகத்தில் காலையில் முப்பது மாத்திரை கொடுத்தார்கள். அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போவதற்குள் மணி இரண்டைத் தாண்டிவிட்டது. வாசலில் நிறுத்தி, "உங்களுக்குத்தான் இல்லையேம்மா, எதுக்கு இது?" என்று திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அவள் ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டே வெளியேறப் பார்த்தாள். மீதி இருபத்தொன்பதுக்குக் கணக்கு இடிக்கிறது என்று மூன்று பேர் விசாரித்தார்கள்.

"வேணும்னா மேல ஏறி எல்லாரையும் லிஃப்டுக்குள்ள வச்சு நடுவுல நிறுத்திடட்டுமா?" என்றான் கணவன் ஒரு நாள். "ரெண்டு தளத்துக்கும் நடுவுல நின்னாத்தான் இவனுங்களுக்கு அது என்னன்னு புரியும்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

குழந்தை பொறுமை இழந்துவிட்டது. ஐந்து வாரம் இருக்கும் என்று நம்பியது மூன்று வாரத்துக்குள் வந்து கதவைத் தட்டியது. அது ஆய்வுக் குழு வருகிற நாள். நேரம் மதியம் பன்னிரண்டு நாற்பது.

கணவன் அவளைத் தாங்கிக்கொண்டு பிரசவப் பிரிவு மேஜைக்கு வந்தான். எழுத்தர் மணியைப் பார்த்தார். வாசலில் புதுத் தோரணத்தையும் பார்த்தார். அவருக்கு வியர்த்தது.

"இப்ப உள்ள போனா 'உண்டு' வார்டும்மா. ரெண்டு மணிக்கு மேல குழந்தை பொறந்தா அது 'இல்லை' வார்டுல பொறக்கணும். அம்மாவும் பிள்ளையும் ரெண்டு வார்டுல இருந்தா ஆய்வுக் குழு என்ன நினைப்பாங்க? ஒரு மணி இருபது நிமிஷம்தான். கொஞ்சம் பொறுத்துக்குங்களேன்."

"நான் பொறுத்துக்கறேன் சார்," என்று பல்லைக் கடித்தாள் கலரக்கா, "நீங்க அதுகிட்ட சொல்லுங்க."

கணவன் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினான். என்ன செய்திருப்பானோ தெரியாது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாருய்யா அது, புள்ளைக்கு ஷிஃப்ட் போடறது?"

பிரசவ அறை சிஸ்டர். குட்டையான, அகலமான, சட்டென்று கோபம் வரும் பெண்மணி. முரண்பாடு நீக்கக் குழுவில் அவரைச் சேர்க்கவில்லை, அவர் எப்போதும் வேலையில் இருந்ததால். கலரக்காவை ஒரு பார்வை பார்த்தார். கோப்பை இரண்டு பார்வை பார்த்தார். சக்கரப் படுக்கையைக் கணவன் பக்கம் உதைத்துத் தள்ளி, "பிடிங்க" என்றார். பிரசவ அறை மேல்தளத்தில் இருந்தது. லிஃப்ட் ஓடாது என்று எழுத்தர் சொன்னதைக் கணவன் காதில் வாங்கவில்லை. கதவை நெம்பி உள்ளே கையை விட்டு ஏதோ ஒரு கம்பியை இழுத்தான். எட்டு மாதத்தில் முதல் முறையாக அது மேலே போனது.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன், வந்துட்டே இருக்காங்க," என்றார் சிஸ்டர், கையுறையை மாட்டிக்கொண்டே. "உனக்கு நேரம் இருக்கு. கையை நீட்டு. புது இரத்தம். உன் கண்ணு முன்னாடி எடுக்கறேன், உன் கண்ணு முன்னாடியே பேரை எழுதறேன். படிச்சுச் சொல்லு, உன் பேர்தானே?"

கலரக்கா தன் பெயரைப் படித்தாள். சம்பள நாள் அல்லாத ஒரு நாளில் அது விநோதமாக இருந்தது.

"மூணு வகைப் பரிசோதனைப் பட்டை இருக்கு. கீழ இருக்கறவர் வச்சிருக்கறது, மேல இருக்கறவர் வச்சிருக்கறது, படிவம் இல்லைன்னு யாருமே பிரிக்காம வச்சிருக்கறது. மூணுலயும் பாப்போம். இருபது நிமிஷம். உண்டுன்னு வந்தா உனக்கு உடனே மருந்து, புள்ளைக்குப் பொறந்ததும் மருந்து. பயப்படாதே. இல்லைன்னு வந்தாலும் ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை எடுப்பேன். சரியா?"

ஒரு ஊசி. இருபத்தொரு நாளாக அவள் கெஞ்சியது குத்தும்போது வலிக்கக்கூட இல்லை.

இருபது நிமிடங்களில் ஏழு முறை வலி வந்து போனது. கணவன் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டில் மூன்று வெள்ளைப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கோடு மெல்ல எழுந்தது. 'உண்டு' என்றால் இரண்டாவது கோடு வரவேண்டிய இடத்தைக் கலரக்கா பதினோரு வருட அனுபவத்தோடு உற்றுப் பார்த்தாள். வெள்ளைக்குள் மறைந்திருக்கும் இளஞ்சிவப்பைக்கூடக் கண்டுபிடித்துவிடுகிற கண் அது. சிவப்பு இல்லை. எதிலும் இல்லை.

"இல்லை," என்றார் சிஸ்டர். "மூணுலயும் இல்லை."

கணவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

கலரக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"சிஸ்டர், அப்போ முதல் டியூப்ல இருந்தது யாரோட இரத்தம்?"

சிஸ்டர் தட்டைக் கீழே வைத்தார்.

"மூடி மாறியிருக்கு சிஸ்டர். எனக்கு முன்னாடி ஒரு பொண்ணைப் போகச் சொன்னேன். மயக்கம் வந்துச்சு அவளுக்கு. என்னோட டியூப்ல அவளோடது போயிருக்கும். அவளோடதுல என்னோடது." வலி வந்து அவளை மடக்கியது. அது போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "டோக்கன் நாற்பத்தெட்டு. அவளுக்கு இல்லைன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அவளுக்கு இன்னும் தெரியாது."

அப்போதுதான் கதவு திறந்தது. கண்காணிப்பாளர் ஆய்வுக் குழுவின் மூன்று பேரோடு நின்றார். செய்தி அவருக்கு எட்டிவிட்டது. பிரசவ வலியில் இருப்பவளின் அறை என்பதை மகிழ்ச்சியில் மறந்திருந்தார். கையில் ஒரு படிவம்.

"பாருங்கள்! எங்கள் நிறுவனத்தின் ஒத்திசைவு முறை இறுதிவரை நோயாளியைக் கைவிடுவதில்லை. அம்மா, வாழ்த்துகள். இங்கே ஒரு கையெழுத்து. 'என்னிடம் முரண்பாடு எதுவும் இல்லை.' அவ்வளவுதான்."

"நாற்பத்தெட்டைக் கூப்பிடுங்க சார்."

"யாரை?"

சிஸ்டர் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். பெயர் எதையும் சொல்லவில்லை. எண்ணை மட்டும் சொன்னார். கண்காணிப்பாளரின் புன்னகை இடம் மாறவில்லை.

"அந்தக் கோப்பை நான் அறிவேன் அம்மா. அதில் ஒரே ஒரு முடிவுதான் இருக்கிறது. ஒன்று மட்டும் இருக்கும்போது அது எதோடு முரண்படும்? எங்கள் கோப்புகளிலேயே மிகத் தூய்மையான கோப்பு அது. அந்தப் பெண் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை."

"அவளுக்குத் தெரியாதே சார்." கலரக்கா பேனாவைப் படிவத்தின்மேல் வைத்து, படிவத்தை இரண்டாக மடித்து, தலையணைக்கு அடியில் செருகிவிட்டு அதன்மேல் தலையை வைத்துக்கொண்டாள். "அவளுக்கு முதல்ல போன் பண்ணுங்க. புது ஊசின்னு சொல்லுங்க. இங்க, என் காது கேக்கப் பண்ணுங்க. அவ வரேன்னு சொல்லட்டும். நான் கையெழுத்துப் போடறேன்."

"நீங்கள் வலியில் பேசுகிறீர்கள்."

"ஆமா சார். வலிதான். அது நிக்கறதுக்குள்ள பண்ணிடுங்க, அப்புறம் எனக்குக் கையெழுத்துப் போட நேரம் இருக்காது."

மருத்துவமனையின் வரலாற்றில் கையெழுத்து மறுக்கப்பட்டது அதுதான் முதல் முறை. கண்காணிப்பாளர் ஆய்வுக் குழுவைப் பார்த்தார். ஆய்வுக் குழு கண்காணிப்பாளரைப் பார்த்தது. அவர்களில் மூத்தவர், "அந்தக் கோப்பு எண் என்ன?" என்று தன் குறிப்பேட்டைத் திறந்தார். அவ்வளவு போதுமாக இருந்தது. கண்காணிப்பாளர் தானே எண்களை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. அடுத்த வலி உச்சத்துக்கு வந்தபோது மறுமுனையில் ஒரு சின்னக் குரல், "யாருங்க?" என்றது. கலரக்கா கணவனின் கையை நசுக்கிக்கொண்டு, கத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க தவறுனால உங்க இரத்தத்தை மறுபடி எடுக்க வேண்டியிருக்கு," என்றார் கண்காணிப்பாளர். 'எங்க தவறு' என்ற சொற்கள் அவர் வாயிலிருந்து வெளியே வர வழி தெரியாமல் கொஞ்சம் தடுமாறின.

பெண் குழந்தை. மதியம் ஒன்று ஐம்பத்தெட்டு. எழுத்தர் இரண்டு மணி என்று எழுதப் போனார், சிஸ்டர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

நாலரை மணிக்கு வார்டு வாசலில் ஒரு பச்சைக் குடை தெரிந்தது. கம்பி இன்னும் ஒடிந்தே இருந்தது. அந்தப் பெண் கலரக்காவை அடையாளம் கண்டு நேரே அவள் கட்டிலுக்கு வந்தாள். அவள் வயிறு இன்னும் இறங்கவில்லை. நாட்கள் இருந்தன.

"அக்கா, நீங்களா! பாப்பா பொறந்தாச்சா? என்னை எதுக்கோ மறுபடி கூப்பிட்டாங்க. பயமா இருக்கு."

கலரக்கா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவர் சிஸ்டர். அது தன் வேலை இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. உட்கார்ந்திருப்பது மட்டும்தான் தன் வேலை.

சிஸ்டர் தட்டோடு வந்தார். வெறும் டியூப். அதில் ஸ்டிக்கர் எதுவும் இல்லை. "உன் பேரை நீயே சொல்லு," என்றார். அந்தப் பெண் சொன்னாள். சிஸ்டர் எழுதினார். அவள் படித்துப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஊசி இறங்கும்போது அவள் கலரக்காவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னக்கா வரும்?"

"தெரியலைம்மா. எதுவா இருந்தாலும் மருந்து இருக்கு, உனக்கு நேரமும் இருக்கு." கலரக்கா குழந்தையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறுகையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "என்ன வந்தாலும், இந்தத் தடவை அது உன்னோடதா இருக்கும்."